தட்டு மாற்றுவதற்குள்

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் நல்ல நாற்காலியைக்கூடத் தெருவோரம் வைத்துவிடுகிறார்கள், வேண்டுமென்பவர் எடுத்துப் போகலாம். அப்படிப்பட்ட ஊரில், நான் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஆபீசில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், "மெமரியைக் கூட்ட வேண்டும், புராசஸரையும் மாற்ற வேண்டும்" என்றால் கடைக்காரர் முழிக்காமல் என்ன செய்வார்? "கடிதம் எழுதத்தானே? இந்த வேகம் போதுமே, என்ன அவசரம்?" என்றார். "என் அண்ணன் இதில்தான் பேசுகிறார்" என்றேன். அவர் அண்ணனை மேடைப் பேச்சாளர் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அண்ணன் காரைக்குடியில் வாத்தியாராக இருந்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அந்த ஆபரேஷனில் வலது தோளும் விழுந்துவிட்டது. பேனா நிற்காது. இடது கையால் தட்டட்டும் என்று, தமிழ் எழுத்து ஏற்றி, நான்தான் இதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு எம்பி மெமரி. தமிழைத் திரைக்குக் கொண்டுவர அது படுகிற பாடு இருக்கிறதே! "சோறு போடவா?" என்று மதினி கேட்டதற்குப் பதில் வரும்போது சட்டி கழுவியாகிவிடும். அண்ணனின் பெரிய மகள் நிச்சயதார்த்தம் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் எங்கள் பக்கம் வெற்றிலைத் தட்டை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். "பொண்ணோட அப்பா என்ன சொல்றீக?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அண்ணன் லேப்டாப்பில் தட்டினார். பெட்டி அசையவில்லை. வேண்டாமென்று தலையை ஆட்டினார், தொண்டை வலி போல என்று தண்ணீர் கொடுத்தார்கள். "மச்சான் வேணாம்னா சொல்லப்போறாக? மாத்துங்கப்பா" என்று மதினியின் தம்பி தட்டை மாற்றிவிட்டார். அதற்கப்புறம்தான் எழுத்து வந்தது: மாப்பிள்ளை குடிகாரர், காலையில்தான் விசாரித்துத் தெரிந்தது. பெரியவள் இன்றைக்கும் அவனிடம் அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அடுத்து சின்னவள் ஸ்டெல்லா. காலேஜில் சேர வேண்டும் என்று எனக்குப் போனில் அழுதாள். வீட்டிலோ மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். லீவில் போனபோது அண்ணனிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, நிச்சயத்துக்குள் சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று சொல்லி வந்திருந்தேன். கடைக்காரர் வேலையை முடித்ததும் அங்கேயே அண்ணன் பெயரைத் தட்டிப் பார்த்தேன். விரல் எடுப்பதற்குள் எழுத்து திரையில் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பதறிப்போய், கூலியைக் குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

நிச்சயத்தன்று அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். கேள்வி வந்தது. உடனே பதிலும் வந்தது: "தட்டை மாற்றாதீர்கள். ஸ்டெல்லாவைக் கேளுங்கள்." மதினியின் தம்பி அதைப் படித்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படித்தார். படித்துவிட்டு மூடியைச் சாத்தினார். "மச்சானுக்கு ஒடம்பு முடியல, ஏதோ தட்டுறாக" என்றார். "ஐயோ, மாத்தாதீக!" என்று நான் எழுந்து கத்தினேன். மதினி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "ரெஜினா, நீ பிளேன் ஏறிப் போயிருவ. இங்குட்டு ஊர் வாயில விழுகிறது நாங்கதானே?" தட்டு மாறியது. அண்ணன் மூடிய பெட்டியின் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா அவரைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்த அன்று, ஒரு நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஜெர்மன் வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை. தடவித் தடவி, தப்பும் தவறுமாகச் சொன்னேன். அந்த மனுஷர் பேனாவை மூடிவிட்டு, நான் முடிக்கிற வரைக்கும் நின்றார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படி நிற்க எங்கள் வீட்டில் ஒருத்தர் இருந்திருக்கக் கூடாதா?