சுறாத்தோல் தேய்ச்ச கிற்றார்

எங்கட ஊருக்குக் கறண்ட் இல்லாத காலம். என்ர மனிசன் வாங்கிக்கொண்டு வந்ததோ கறண்டில வேலை செய்யிற பழைய கிற்றார். முல்லைத்தீவுக் கரையில வலை இழுக்கிற ஆளுக்கு இது தேவையோ எண்டு நான் பேசாத பேச்சில்லை. அவர் சிரிச்சுக்கொண்டு உழவுமெசின் பற்றறியையும் உடைஞ்ச ரேடியோவையும் பொருத்தி வாசிச்சார்.

குசினிச் சுவரில ஒரு படம் ஒட்டி வைச்சிருந்தார். ஆரோ பேர்போன வெளிநாட்டு றொக் பாட்டுக்காரன். எத்தினை கிற்றார் இருந்தாலும் மேடைக்கு அந்தப் பழசைத்தான் கொண்டுபோவானாம். வருசக்கணக்கா அவன்ர கை உரசி, சிவப்புப் பெயின்ற் கழண்டு மரம் தெரியும். இவருக்கும் அப்படி வேணுமாம். காய்ஞ்ச சுறாத்தோலை எடுத்து, ஒரு பின்னேரத்தில அதே இடத்தைத் தேய்ச்சுப்போட்டு வந்து காட்டினார். "விசர் மனிசா!" எண்டு கத்தினன். ஆனா உண்மையைச் சொன்னா, படத்தில இருந்ததைவிட எங்கடதுதான் வடிவு.

சண்டை நெருங்கி இடம்பெயரேக்க ஊர்ச்சனம் தையல் மெசின், சைக்கிள், சட்டிபானை எல்லாத்தையும் மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டுத்தான் வெளிக்கிட்டது. அவர் கிற்றாருக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனால சுத்தி, வள்ளத்துக்குப் பூசுற தாரால ஓட்டை அடைச்சு, வேலிக்கரையில ஆழமாத் தாட்டார். இடம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "நான்தான் வந்து கிண்டுவன், ஒருத்தரும் கைவைக்கக்கூடாது" எண்டவர். பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடியில, ஆமிக்காரர் பேர் பதியவேணுமெண்டு கூப்பிட்டு அவரை வேற பஸ்ஸில ஏத்தினாங்கள். கையைக் காட்டிக்கொண்டு போனார். இண்டுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்தும் நான் அந்த இடத்தைக் கிண்ட விடேல்ல. சனம் என்னை விசரி எண்டுது. சொல்லட்டும். எங்கையோ ஒளிச்சிருக்கிற மனிசன், எங்களுக்குக் கரைச்சல் வரக்கூடாதெண்டு சொல்லாமல் வந்து அதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்தானே? குழி வெறுமையா இருந்தா ஆள் உயிரோட இருக்கிறார். இதுதான் நான் பிடிச்சுக்கொண்டிருந்த நம்பிக்கை. செத்தவைக்கு வைக்கிற ஆத்துமப் பூசை வைப்பமோ எண்டு பங்குச் சுவாமியார் கேட்டா, "உயிரோட இருக்கிற ஆளுக்கோ, சுவாமி?" எண்டு சண்டைக்குப் போவன்.

போன மாதம் கக்கூசுக்குழி வெட்டவேண்டி வந்தது. கிணத்துக்குக் கிட்ட வெட்டேலாது. மிச்சம் அந்த வேலிக்கரைதான். மண்வெட்டியோட நிண்ட என்ர தம்பி, "அக்கா, வெட்டட்டோ?" எண்டான்.

"வெட்டு."

மாதாவே, ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு செபமாலையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். தம்பியின்ர இடுப்பளவுக்கு வெறும் மணல். நெஞ்சளவுக்கும் வெறும் மணல். சந்தோசத்தில மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கீட்டன். பிறகு மண்வெட்டி எதிலயோ முட்டிச்சு.

"அக்கா, கிடக்குது! ஒரு பழுதுமில்லை!" தம்பி சிரிச்சுக்கொண்டு தூக்கினான். அயலட்டைச் சனம் கைதட்டிச்சு. பொலித்தீனைக் கிழிச்சுக் கிறீஸைத் துடைக்க, சிவப்பு அப்படியே மினுங்கிச்சு. சுறாத்தோல் தேய்ச்ச இடமும் அப்படியே இருந்தது.

"நாசமாப் போன மனிசா, இவ்வளவு பத்திரமாச் சுத்தி வைச்சுப்போட்டு வந்து எடுக்கேல்லையே!" குழிக்கரையில குந்தியிருந்து ஒப்பாரி வைச்சன். கைதட்டின சனத்துக்கு ஒண்டும் விளங்கேல்ல.

பின்னேரம் முகத்தைக் கழுவிப்போட்டுச் சுவாமியாரிட்டப் போனன். அவற்ர பேருக்கு ஆத்துமப் பூசை வைக்கச் சொன்னன்.