பின்னால் என்ஜின் இருந்த வண்டி

தபாலாபீசில் பார்சலுக்கு அரக்கு உருக்கினால் போதும், நான் அங்கே இருக்க மாட்டேன். இலஞ்சித் தோப்பில், சாரலில் நனைந்தபடி ஒரு மோட்டாரின் பக்கத்தில் குத்தவைத்திருப்பேன்.

சண்டைக் காலம். மலைமேல் எஸ்டேட் வைத்திருந்தவரிடம் ஒரு சீமை வண்டி இருந்தது. என்ஜின் பின்னால். கிளட்ச் தேய்ந்து நின்றுபோனதை என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டார். ஓட வைத்தால் நீயே டிரைவர், எஸ்டேட்டிலேயே தங்கல். இல்லையென்றால் பழைய இரும்பு. பெண்டாட்டிக்கு அங்கே இடமில்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இவர் வேலையில்லாமல் தென்காசிக் கடைவீதியில் தலைகுனிந்து நடப்பதையும் என்னால் பார்க்க முடியவில்லை; மலையேறிப் போவதை நினைக்கவும் முடியவில்லை.

கிளட்சுக்குப் புதுத் தட்டு எப்படியோ வந்துவிட்டது. அதன் நடு ஓட்டை என்ஜினின் நடுவோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கியர்ப்பெட்டியின் தண்டு நுழையாது. தட்டை நேராக நிறுத்திப் பிடிக்க ஒரு அச்சு வேண்டும். குற்றாலத்தில் சீசனுக்கு மரச்சொப்பு கடைந்து விற்கிறவரிடம் இவர் அளவு கொடுத்தார். வந்தது அச்சு: சிவப்பும் பச்சையுமாக, வளையம் வளையமாக அரக்கு பூசி, பளபளவென்று. சாயமில்லாமல் தன் பட்டறையை விட்டு ஒரு சாமானும் போனதில்லை என்றாராம். அரக்கின் கனத்தில் அது ஓட்டைக்குள் போகவே இல்லை. இவர் சிரித்துக்கொண்டே தென்னைமட்டை நெருப்பில் காட்டி அரக்கைத் துடைத்தார். அந்த வாசனை ஈரக்காற்றில் கலையாமல் தோப்பெல்லாம் நின்றது.

தட்டு நேரானதும் இவர் வண்டிக்கடியில் மல்லாந்து, கியர்ப்பெட்டியை நெஞ்சில் ஏந்திக் கிடந்தார். தூக்கி நிறுத்திய பின்சக்கரங்களில் ஒன்றைத் தென்னையோடு கயிற்றால் கட்டியிருந்தோம். மற்றதை நான் மெல்லத் திருப்ப வேண்டும். தண்டின் பல் தட்டின் பல்லில் விழுந்ததும் சக்கரம் கனக்கும், உடனே சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

திருப்பினேன். மலை தெரியவில்லை, மேகம்தான் இருந்தது. சக்கரம் தண்ணீருக்குள் சுற்றுவதுபோல் லேசாகச் சுற்றியது. திடீரென்று கனத்தது. அடியில் ஏதோ பெருமூச்சு விட்டாற்போல் ஒரு அசைவு.

"ஏட்டி, விழுந்துட்டா?"

"இன்னும் இல்ல."

இவர் பெட்டியை நெஞ்சில் ஏந்தியபடியே கிடந்தார். தென்னை ஓலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, விழுந்துட்டு என்று நானே சொன்னேன். பெட்டி ஒரே தள்ளில் உட்கார்ந்தது.

மறுநாள் காலை வண்டி உறுமியது. முன்னால் சத்தமே இல்லாமல் பின்னால் மட்டும் உறுமியது விநோதமாக இருந்தது. இவர் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"நேத்து பல்லு முதல்லயே விழுந்துட்டு. நாந்தான் சொல்லல."

"தெரியும்ட்டி. பெட்டி எம் நெஞ்சுலல்லா கெடந்தது."