ஆறாவது பல்

என் மகள் ஸ்டெல்லாவுக்கு எட்டு வயது நடந்தபோது இடது கன்னம் வீங்கியது. சோற்றை வலது பக்கமே ஒதுக்கி மெல்லுகிறாள் என்று என் மனைவி ரெஜினா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பால் பல்லுதானே, வியுந்து மொளைக்கும்" என்று சொல்லிவிட்டு நான் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவேன். இந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்னவன் யாரென்று தெரிந்தால் அவனை இன்றும் சும்மா விடமாட்டேன்.

வீடு ராயபுரத்தில். எனக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் தகட்டு வேலை. தொழிலாளர் குடும்பங்களுக்காக உள்ளேயே ஒரு மருந்தகம் உண்டு. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர்தான் டாக்டர். வீங்கிய கன்னத்தோடு பிள்ளையை நான் கூட்டிப்போனது கம்பவுண்டர் நாளில்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "கீய கடைசிப் பல்லு சொத்தை. வேர்ல சீழ் வெச்சுகினு கீது. பால் பல்லுதான், புடுங்கிட்டா செரியாப் பூடும். தலைய கெட்டியா புடிச்சுக்க அந்தோணி."

பிடித்துக்கொண்டேன். தகடு வளைத்துப் பழகிய கை. அவள் தலை இம்மிகூட அசையவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார், மரத்ததா என்று கேட்கவில்லை. பல்லை வாளியில் போட்டார். மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. கைராசிக்காரர் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

மறு வருடம் வலது பக்கம் அதே வலி. நான் மருந்தகத்துக்குத்தான் கிளம்பினேன். ரெஜினா வாசலை மறித்து நின்றாள். "இந்த தபா அங்க வாணாம். பல் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. நீ போவலைன்னா நான் போறேன்" என்றாள். அவள் மட்டும் அன்றைக்கு மறிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் எழுத நல்லதாக ஒன்றும் இருந்திருக்காது.

அரசாங்கப் பல் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார். வலது பக்கம் பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதை யார் எடுத்தாங்க?"

"கம்பெனி கம்பவுண்டர். பால் பல்லுன்னு..."

"முன்னாலேர்ந்து எண்ணுங்க. ஒரு பக்கத்துக்குப் பால் பல் அஞ்சுதான். ஆறாவது பால் பல் இல்லை. ஆறு வயசுல, எந்தப் பல்லும் விழாமலே, பின்னால தானா முளைக்கும். எதுவும் விழலையேன்னு எல்லாரும் அதையும் பால் பல்லுன்னு நினைச்சுடறாங்க. ஆயுசுக்கும் அது ஒண்ணுதான்."

"அப்போ இடது பக்கம்?"

"இனிமே வராது."

இதை வாசிக்கிற நீங்கள் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, விரல் வைத்து எண்ணுங்கள். நடுவிலிருந்து ஆறாவது. அதை யாராவது பால் பல் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மரியாதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் மருந்தகத்துக்குப் போய்க் கேட்டேன். "இன்னாப்பா, ஒரு பல்லுக்கா இம்மாம் பேஜாரு? அன்னிக்கி வலி போச்சா இல்லியா?" என்றார். கை ஓங்கிவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தேடி வந்து பார்ப்பார். அதை நினைத்தால் ஆத்திரம் இன்னும்தான் ஏறுகிறது. பட்டறையில் தெரியாத ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் நான் மேஸ்திரியை மூன்று முறை கேட்பேன். என் பிள்ளையின் பல்லைப் பிடுங்கும்போது நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. பாவி, கேட்கவில்லையே.

வலது பக்கத்து ஆறாவது பல்லைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. கூழில் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான பகுதி) மேல்பாகம் மட்டுமே கெட்டிருந்தது. அதை எடுத்து மருந்து வைத்து, மேலே எஃகுக் கிரவுன் (சேதமான பல்லை முழுதாக மூடும் உறை) போட வேண்டும். பல்லின் சுவர்கள் இடிந்துவிட்டதால் வெறுமனே அடைத்தால் நிற்காதாம். வளர்ந்த பிறகு வேறு உறை மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஸ்டெல்லா வாயைத் திறக்கவில்லை. "அப்பா, தலையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. நான் ஓரடி வைத்ததும், "நைனா வாணாம்! நைனா வாணாம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே எட்டிப் பார்த்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன்.

டாக்டரம்மா அந்த எஃகு உறையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"புடுங்கிடுவியா?" என்றாள் ஸ்டெல்லா.

"மாட்டேன். உன் பல் உன்கிட்டதான் இருக்கும். இது அதுக்கு மேல உட்காரும்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தானாக வாயைத் திறந்தாள்.

நாலு தடவை போய்வந்தோம். கடைசித் தடவை கிரவுன் பொருத்தியதைச் சுவரோரம் நின்று பார்த்தேன். கத்தரியால் விளிம்பை நறுக்கி, குறடால் உள்பக்கம் வளைத்து, மாட்டிக் கடிக்கச் சொல்லி, கழற்றி, பிசிறை ராவி, மறுபடி மாட்டினார். என் பட்டறை வேலையேதான். ஒரு மயிரிழைப் பிசிறுக்காக ஐந்து முறை கழற்றினார். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா கேட்டாள். "அந்தப் பக்கம் எப்போ நைனா மொளைக்கும்?"

"மொளைக்காது, கண்ணு."

ராயபுரத்தில் இறங்கும்போது கேட்டாள்: "அப்போ ஏன் தலைய புடிச்சே?"

"கேட்டிருக்கணும்டா. நைனா கேக்கல" என்றேன்.

நான்கு வருடமாகிறது. கிரவுன் அப்படியே இருக்கிறது. முறுக்குகூட கடிக்கிறாள், வலது பக்கத்தில். மெல்லுவது என்பது யோசித்துச் செய்கிற காரியமாக எனக்கு ஆகிவிட்டது. சோற்றை வாயில் வைத்தால் என் இடது கீழ்ப் பல் அங்கே இருப்பது தெரிகிறது. முன்பெல்லாம் தெரியாது.

போன மழைக்காலத்தில் குடும்பத்தோடு காலரா ஊசி போட்டுக்கொள்ள மருந்தகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே கம்பவுண்டர். ஊசி போட்டு முடித்ததும் சிரித்துக்கொண்டே, "எங்க, வாயைத் தொற, வெள்ளிப் பல்லைப் பாப்பம்" என்றார்.

"எதுக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

"சும்மாதான்."

"பாத்துட்டு இன்னா செய்வே?"

அவர் என்னைப் பார்த்தார். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று நான் அதட்டுவேன் என்று காத்திருந்தார்.

"கேக்குறா இல்ல? பதில் சொல்லு சார்" என்றேன்.