எறும்பு அக்காவின் கடைவாய்ப் பல்

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கே பல்வலி வந்தால் என்ன செய்வாள்? ஓடிப்போய் வாயைத் திறந்து காட்டுவாள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள் மகராசி.

அவளை எல்லாரும் எறும்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடும்போது நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பேர் அது. டாக்டரம்மா நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். ஊசியோ குறடோ, எது வேண்டுமோ அது அந்தக் கையில் வந்து உட்காரும். வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை.

அந்தப் பழக்கமே இப்போது வினையாகிவிட்டது. எந்தச் சாமான் உள்ளே போய் என்ன செய்யும் என்பது அவளுக்கு அத்துப்படி. பல்லைப் பிடுங்கும்போது தாடையில் 'நறுக்'கென்று ஒரு சத்தம் வருமே, அதை நினைத்தாலே அவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

முதலில் காப்பி பட்டால் சுரீர் என்றது. அப்புறம் எதுவும் படாமலே சுரீர் என்றது. கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், ஒரு பக்கமாகவே மென்றாள். "என்ன, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கே?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "தலகாணி சரியில்ல டாக்டர், கழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்று கூசாமல் புளுகினாள்.

வீட்டுக்காரர் விடவில்லை. "ஊருக்கெல்லாம் எறும்பு, உனக்கு மட்டும் யானையா? பல்லு போயிடும்டி!"

"வாயைக் கழுவுங்க. அதெல்லாம் போகாது."

வாய்தான் அப்படிச் சொன்னது. காட்டினால் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். காட்டாவிட்டால் பல்லே மிஞ்சாதோ என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தாள், பாவம்.

சாயங்காலம் நோயாளிகள் போனதும் நாற்காலியைத் துடைத்து, துணி போட்டு மூடுவது அவள் வேலை. கொஞ்ச நாளாக டாக்டரம்மா, "இரு, மூடாதே. இன்னும் ஒருத்தர் வரணும்" என்பார். யாரும் வர மாட்டார்கள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, மூடு" என்பார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத அந்த ஆளை எறும்பு அக்கா மனசுக்குள் வாங்கு வாங்கென்று வாங்குவாள். ஒரு நாணயம் வேண்டாமா மனுஷனுக்கு?

அன்றைக்கு ஒரு கொத்தனார் வந்தார். சாரத்தில் ஏறி உச்சியில் நின்று வேலை செய்கிற ஆள், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார்.

"அட, உக்காருங்கண்ணே. எறும்பு கடிச்ச..."

"அது இருக்கட்டும்மா. உன் கன்னம் ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு?"

அவள் சட்டென்று கன்னத்தைக் கையால் மறைத்தாள்.

"நீ முதல்ல காட்டு. அப்புறம் நான் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

அவமானமாக இருந்தது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மிச்ச வேலையை முடித்தாள். எல்லாரும் போன பிறகு மூடுவதற்குத் துணியை எடுத்தாள்.

"மூடாதே" என்றார் டாக்டரம்மா.

"யாரு டாக்டர் அந்த ஆளு? தினம் காக்க வெச்சு ஏமாத்துறாரு!"

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே அவள் கன்னத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். துணி அவள் கையிலிருந்து நழுவியது. இத்தனை நாளும் திட்டித் தீர்த்தது தன்னைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீயா வருவேன்னு பார்த்தேன். இனிமே தாங்காது. ஏறு."

ஏறினாள். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பார்த்தார்.

"புடுங்கணுமா டாக்டர்?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வேர் தப்பிச்சிருக்கு. காப்பாத்திடலாம். வாயைத் திற."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திறந்தாள். டாக்டரம்மா பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், எப்போதும் போல, பக்கத்தில் கையை நீட்டினார். அங்கே நின்று எடுத்துக் கொடுக்க ஆள் ஏது?

எறும்பு அக்காவின் கை தானாகத் தட்டுக்குப் போனது. தடவிப் பார்த்து, ஊசியை எடுத்து, நீட்டிய அந்தக் கையில் வைத்தது.