எங்கள் வயலுக்கு மேலே போன தோணி

வெள்ளம் எங்கள் வாசலின் இரண்டாவது படியைத் தொட்ட அன்று காலையில்தான் அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்டது. டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. எனக்கு எட்டு வயது. வாவியின் மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிக்கும் உள்ளே ஒரு மேட்டுக் காணியில் இருந்தோம். வீதி மூழ்கி மூன்று நாள். உழவு மெசின்கூட வரமுடியாது. ஆஸ்பத்திரியோ வாவிக்கு அக்கரையில்.

அப்பா வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தபோது மாமா வந்து சேர்ந்தார். மாமா அம்மாவின் தம்பி, வாவியில் மீன் பிடிப்பவர், வாய் ஓயாதவர். எங்களுக்குச் சாப்பிட பேக்கரிப் பாண் கொடுப்பதற்காக வயல்களுக்கு மேலாகவே தோணியில் வந்திருந்தார். அதை முற்றத்துத் தென்னையில் கட்டியபடியே, "அக்கோ, ரெண்டு றாத்தல் பாண்! கடையில கடைசியாக் கிடந்தது" என்று கத்தினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததைக் கண்டதும், கட்டிய கயிற்றை மறுபடி அவிழ்த்தார்.

என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் வேறு ஆளில்லை. ஆகவே நானும் ஏறினேன். பாண் என் மடியில். தோணியில் ஓரிடத்தில் கசிவு இருந்தது. ஊறும் தண்ணீரை அள்ளி ஊற்றும்படி மாமா ஒரு சிரட்டையைத் தந்தார். அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை.

தோணி எங்கள் வயல் வட்டைக்கு மேலே போனது. இன்னும் மூன்று கிழமையில் வெட்டியிருக்க வேண்டிய நெல் எல்லாம் கீழே கிடந்தது. அங்கங்கே சில கதிர்நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. அப்பா முன்னால் நின்று கம்பு ஊன்றினார். ஒவ்வொரு தடவையும் கம்பு அவருடைய நெல்லுக்குள்தான் இறங்கியது.

"மச்சான், உங்கட வயலுக்குள்ள தோணி விட்ட முதல் ஆள் நான்தான். ஊர் விதானையாருக்குச் சொல்லிராதீங்க" என்றார் மாமா.

அப்பா திரும்பிப் பார்க்காமலே சிரித்தார். அப்பாவுக்கும் இந்தப் பயணம் பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வலி வரும்போது அம்மா என் தோளை இறுக்கிப் பிடிப்பார். விட்டதும், "புள்ள, எத்தின கொக்கு நிக்கிதெண்டு எண்ணிச் சொல்லு" என்பார். நான் எண்ணிச் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. வயிற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார்.

வயல் முடிந்து வாவி தொடங்கும் இடத்தில் நீரோட்டம் தோணியைப் பிடித்துச் சுழற்றியது. கம்பு சேற்றில் சிக்கி அப்பாவின் கையை விட்டுப் போனது. அப்பா குதித்தார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று தோணியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். "ஆரும் அசையாதீங்க!" என்றார் மாமா. அந்தக் குரலில் பகிடி இல்லை.

தோணி அருகிலிருந்த ஒரு காவல் பரணில் மோதி நின்றது. எத்தனை நாளாகவோ அதன்மேல் அகப்பட்டுக் கிடந்த நாயொன்று, எங்களைக் கண்டதுதான் தாமதம், நேரே என் மடியில் பாய்ந்தது. அது தேடி வந்தது என்னையல்ல, பாணை. ஒரு றாத்தல் பாண் போன இடம் தெரியவில்லை. மற்றதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அலறினேன்.

"மச்சான், இன்னொரு ஆள் ஏறியிருக்கு. இருக்க இடம் குடுங்க" என்றார் மாமா.

அம்மா சிரிக்கத் தொடங்கினார். எங்கள் சிரிப்பு ஓய்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. கண்ணால் தண்ணீர் ஓட, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய் தம்பி, சிரிக்க வைக்காதடா. இஞ்சயே பெத்துப்போடுவன்!"

மாமா பரணிலிருந்து ஒரு கம்பை உருவிக்கொண்டார். அப்பா ஏறினார். மிச்சப் பாணை நாங்கள் பிய்த்துப் பிய்த்து வெறும் பாணாகவே தின்றோம். அம்மாவும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். மழை விட்டிருந்தது. அக்கரையில் முன்பின் தெரியாத நாலைந்து பேர் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து, தோணியை அம்மாவோடு சேர்த்தே கரைக்கு இழுத்தார்கள். ஒருவர் வேன் கொண்டுவந்தார்.

மத்தியானத்துக்கு முன்னே தங்கச்சி பிறந்துவிட்டாள். இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்த அப்பாவிடம் தாதி வந்து, "ரெண்டு பேரும் நல்ல சுகம்" என்று சொன்னதும், அவர் யாரோ கொடுத்த தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். "நெல்லென்ன, அடுத்த போகம் விதைக்கலாம்" என்று மாமாவிடம் சொன்னார். மாமா அதற்குள் நாயின் கதையை அந்த விறாந்தை முழுக்கப் பரப்பியிருந்தார்.

என்னை உள்ளே விட்டபோது நான் அம்மாவிடம் முதலில் கேட்டது, மறுபடி எப்போது தோணியில் போவோம் என்பதுதான். பக்கத்துக் கட்டில் பெண்கள் சிரித்தார்கள். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

இப்போது நானும் ஐந்து மாதக் கர்ப்பிணி. போன கிழமை என் பிள்ளை முதன்முதலாகத் துடித்ததைச் சொல்ல அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அப்போதுதான் சொன்னார்: தோணியில் போனதற்கு முதல்நாள் பின்னேரத்திலிருந்து தங்கச்சி வயிற்றுக்குள் அசையவே இல்லையாம். அப்பாவிடமும் சொல்லவில்லையாம். அந்த மனுசன் வயலையும் பார்த்துக்கொண்டு இதையும் எப்படித் தாங்குவார் என்று.

"அந்த நாய் பாய்ஞ்ச உடனதான் புள்ள, இவள் உள்ளுக்குள்ள ஒரு உதை உதைச்சாள்" என்றார் அம்மா.

தோணியில் நாங்கள் எல்லாரும் நாய்க்காகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.