சின்ன பிராப்ளம்

உலை பொங்கி அடுப்பில் தீயும் வாசனை வந்தால், நாரணாபுரத்தில் இப்போது கருவேலங்காடாகிவிட்ட பட்டாசுக் கம்பெனி வாசலில் மனசு போய் நிற்கிறது. அங்கே போர்மேனாக இருந்த அப்பாவுக்கு மழை வந்தால் டென்ஷன், லாரி வராவிட்டால் டிரபிள், மற்றதெல்லாம் சின்ன பிராப்ளம்.

ஒரு மத்தியானம் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. கம்பெனிக்கு எதிர்வீட்டுச் செல்வி அக்கா, நான் நின்றிருந்த வாசலுக்கு ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரக எங்கன இருக்காக?”

உள்ளே அவள் புருஷன் உடலைப் பார்த்துவிட்டு வந்திருந்த அப்பா, “சின்ன பிராப்ளம்தான் தாயி. நீ போயி உலைய வையி, சாப்பிட வந்துருவான்” என்றார்.

அவள் நம்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அரிசி கொதிக்கும் வாசனை வாசல்வரை வந்தது. யாரோ சொல்லி அவள் அலறி ஓடிய பின், பார்க்க ஆளில்லாமல் பொங்கித் தீயும்வரை வந்தது.

அதன்பின் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கரண்டு போனால்கூடப் பேசாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார்.