கடுகு தனியாக வந்த ஞாயிறு

வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கிவிட்டாளாம். கல்லூரிக்குப் போகும் வயது வந்தும் அந்தப் பெயர் போகவில்லை; ஆளும் அப்படி ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். தையல் கடை வைத்திருக்கும் அவளுடைய அக்கா, அளவு கொடுக்க வருகிறவர்களிடம் டேப்பைக் கையில் எடுக்கும் முன்பே இந்தச் செய்தியைச் சொல்லிவிடுவாள்.

கல்லூரி இருந்தது வேறு நகரத்தில். விடுதியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பாதிக் கட்டிலில் புத்தகம், மீதிப் பாதியில் கடுகு. அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் சிரிக்கத் தொடங்கினால் பக்கத்து அறைக்காரிகள் சுவரைத் தட்டுவார்கள். அவளுக்கு அந்த இடம் முதல் வாரத்திலேயே பிடித்துப்போனது. வம்பு வந்தது இரண்டாவது வாரத்தில்.

அதே நகரத்தில் சித்தி இருந்தாள். சொந்த வீடு இருக்கும்போது பிள்ளை எதற்கு விடுதியில் கிடக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். சித்தி தங்கமான மனுஷி. அன்புதான் கொஞ்சம் அதிகம். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, "தூங்கிட்டியா?" என்று கேட்டு எழுப்புகிற அன்பு.

"அவ கொல்லைப்பக்கம் போனாலே வழி கேட்டுத்தான் திரும்பி வருவா," என்றாள் அம்மா போனில். "தனியா அந்த ஊர்ல எப்படிம்மா இருப்பா?"

பக்கத்தில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா போனை வாங்கினாள். "ஏன் சித்தி, போட்டுப் பாக்காம சட்டை சரியில்லைன்னு சொல்லலாமா? ஒரு தடவை தனியா உங்க வீட்டுக்கு வரட்டும். வந்துட்டா விடுதியிலயே இருக்கட்டும். வரலைன்னா பெட்டியைக் கட்டிட்டு உங்ககிட்ட வந்துடட்டும்."

சித்தி சம்மதித்தாள், ஆனால் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிட வேண்டும். போன் அணைந்தபடி பையில் கிடக்க வேண்டும். யாரும் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. "போன்ல வழி பாத்துட்டு வர்றதுக்குக் கடுகு எதுக்கு? அந்த போனே வந்துடுமே," என்றாள்.

சனிக்கிழமை மாலை அக்கா கடுகைப் போனில் கூப்பிட்டாள். "பயப்படாதடி. தையல் தப்பிட்டா முழுசாவா பிரிப்போம்? தப்பின இடம் வரைக்கும்தான் பிரிப்போம். வழியும் அப்படித்தான்."

"நீ எனக்கு வழி சொல்றியா, ஜாக்கெட் தைக்கச் சொல்லித் தர்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். வை போனை."

அவர்கள் ஊரில் யாரும் தெருப் பெயரைச் சொல்லி வழி சொல்ல மாட்டார்கள். ஊரை ஒட்டி மலை இருக்கிறது, அது போதும். மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போ, மலைக்கு முதுகு காட்டித் திரும்பு என்பார்கள். கடுகு நடக்கப் பழகியதே அப்படித்தான். இந்த நகரமோ தட்டிப்போட்ட பலகை மாதிரி இருந்தது. அன்று துணி எடுக்க விடுதி மொட்டை மாடிக்குப் போனவள் நாலு பக்கமும் பார்த்தாள். மலைக்கு எங்கே போவது?

அப்போதுதான் அந்த மஞ்சள் கிரேன் கண்ணில் பட்டது. எங்கோ கட்டடம் கட்டுகிறார்கள். வானத்தைத் தொடுகிற மாதிரி அது நிமிர்ந்து நின்றது. அதன் நீண்ட கை, தூரத்தில் ஒரு மாடியின் மேல் இருந்த பெரிய நீலத் தொட்டியை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அது சித்தி வீட்டுத் தொட்டி. 'அந்தத் தொட்டிதான் எங்க வீட்டுக்கு அடையாளம்' என்று சித்தி பலமுறை சொல்லியிருக்கிறாள். சூரியன் கிரேனுக்கு நேராக, அந்தத் தொட்டிக்குப் பின்னால்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கடுகு துணிகளை மடித்து அணைத்துக்கொண்டு நிம்மதியாகக் கீழே இறங்கினாள். மலை கிடைத்துவிட்டது. கிரேன் வரைக்கும் பஸ், அங்கிருந்து கை காட்டுகிற பக்கம் நடை. முடிந்தது வேலை.

மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "எங்கம்மா போகணும்?"

"கிரேன்கிட்ட."

"கிரேனுக்கெல்லாம் ஸ்டாப் போட்டா பஸ் ஊர் போய்ச் சேராதும்மா. ஆஸ்பத்திரியில இறங்கு. தலையைத் தூக்கினா கிரேன்."

இறங்கித் தலையைத் தூக்கினாள். கிரேன் இருந்தது. கை ஒரு தெருவைக் காட்டியது. அந்தத் தெருவுக்குள் நடந்தாள்.

ஞாயிறாதலால் அச்சகங்களின் கதவுகள் இறங்கியிருந்தன. மை வாசனைக்கு மட்டும் விடுமுறை இல்லை. காது உடைந்த சிங்க முகம் பதித்த கேட் ஒன்று வந்தது. அதையடுத்து பழைய டயர்களை மாலை மாலையாகத் தொங்கவிட்ட சைக்கிள் கடை. பிறகு ஒரு வீட்டுப் படியில் படுத்திருந்த நாய், ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, இவளால் ஆபத்தில்லை என்று மூடிக்கொண்டது. துணைக்கு ஆள் இல்லாமல் நடப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று கடுகுக்குத் தெரியாது. நின்று பார்க்க நினைத்த இடத்தில் நின்றாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

சந்து முடிந்த இடத்தில் கிரேனை நிமிர்ந்து பார்த்தாள். கை கொஞ்சம் இடதுபக்கம் காட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பினாள். அடுத்த முனையில் இன்னும் இடதுபக்கம் காட்டியது. பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்பதுபோல் மறுபடியும் திரும்பினாள். வீடுகள் நெருங்கிக்கொண்டே வந்தன. நீலத் தொட்டியைத்தான் காணோம்.

ஒரு காலி மனைக்கு எதிரே நின்று கிரேனை முழுசாகப் பார்த்தாள். அது அவள் கண் முன்னாலேயே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே இருந்த கண்ணாடிக் கூண்டில் ஆள் இல்லை. பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்த சட்டைகளெல்லாம் காற்றில் கை நீட்டிக்கொண்டிருந்தன. கிரேனும் அதே பக்கம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. லீவு நாளில் அதைக் காற்றின் போக்குக்கு விட்டுவிட்டார்கள்.

மலை நகராது என்று நம்பி வளர்ந்தவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். எந்தத் தெருவில் நிற்கிறோம் என்றே தெரியவில்லை. கை தானாகப் பைக்குள் போய் போனைத் தொட்டது. போனைத் திறந்தால் வழி கிடைக்கும். ஜன்னலோரக் கட்டில் போய்விடும். சித்தியின் "தூங்கிட்டியா?" காதுக்குள் கேட்டது. கையை வெளியே எடுத்துவிட்டாள்.

தப்பின இடம் வரைக்கும் பிரிக்கணும். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் கிரேனின் அடி. அங்கிருந்து ஒவ்வொரு தையலாக யோசித்தாள்: சிங்கம், டயர், நாய். அப்படியே தலைகீழாகத் திரும்பி நடந்தாள்.

நாய் வீட்டை நெருங்கும்போது ஒரு அம்மாளின் குரல் தெருவையே கூட்டியது. கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்ற அவள், ஹெல்மெட் போட்ட ஒரு மனிதரை மடக்கி வைத்திருந்தாள்.

"நானும் பாத்துட்டே இருக்கேன். அந்தப் பொண்ணு போற பக்கமெல்லாம் போறே. வண்டி எங்க?"

"பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்குங்க."

"வண்டி அங்க இருக்கு, ஹெல்மெட் இங்க எதுக்கு? நடந்து விழுந்தா மண்டை உடைஞ்சுடுமா?"

கடுகுக்கு அந்தக் குரல் தெரிந்தது. சட்டையும் தெரிந்தது, அக்கா தைத்துக் கொடுத்த சட்டை.

"அவர் எங்க சித்தப்பாங்க," என்றாள்.

அந்த அம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். வியர்வையில் குளித்திருந்த சித்தப்பா குழந்தை மாதிரி நின்றார்.

"உங்கம்மாதான் போன் பண்ணாங்க. பிள்ளைக்குத் தெரியாம பின்னாடியே போங்கன்னு. சித்திக்குக்கூடத் தெரியாது. பஸ் பின்னாலயே வண்டியில வந்தேன்."

"வந்து?"

"நீ இந்தப் பக்கம் திரும்பினதும், ஏதோ குறுக்கு வழி தெரிஞ்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன். நடுவுல உன்னையும் விட்டுட்டேன். இப்ப எனக்கும் இது எந்த இடம்னு தெரியலம்மா. நான் ஆபீஸ் போவேன், வீட்டுக்கு வருவேன். இந்தச் சந்துக்குள்ள எதுக்கு வரப்போறேன்?"

"போன்?"

"வண்டிப் பெட்டியில."

கடுகு ஹெல்மெட்டை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டாள். "சரி, வாங்க. டயர் கடை, அப்புறம் சிங்கம்."

"என்ன சிங்கம்?"

"பேசாம வாங்க சித்தப்பா."

கிரேனின் அடிக்கு வந்ததும் சித்தப்பாவின் முகம் தெளிந்தது. "இங்கேருந்து எனக்குத் தெரியும்..." என்று கையைத் தூக்கினார்.

"சொல்லாதீங்க. சொன்னா நான் தோத்துடுவேன்."

கடுகு கண்ணை மூடி நேற்றைய மாடியை நினைத்துப் பார்த்தாள். கிரேனின் கையை விட்டுத்தள்ளு. சூரியன் தொட்டிக்குப் பின்னால்தானே இறங்கியது? அப்படியானால் வீடு மேற்கே. உச்சிக்கு வராத வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரே ஒரு தெரு நேராகப் போனது.

"கிரேனுக்குத்தான் ஞாயித்துக்கிழமை லீவு. சூரியனுக்குக் கிடையாது. நடங்க."

அந்தத் தெருவின் பாதியிலேயே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் நீலத் தொட்டி எட்டிப் பார்த்தது.

கதவைத் திறந்த சித்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டுகள் மேசையில் காத்திருந்தன.

"ஓ, கூட்டிட்டு வந்துட்டீங்களா? அப்ப பேச்சு முடிஞ்சுது. சாயங்காலம் போய்ப் பெட்டியை எடுத்துட்டு வாங்க."

கடுகு சித்தப்பாவைப் பார்த்தாள். கூட்டிக்கொண்டு வந்த பேரை நல்ல பிள்ளைபோல் அவரே வாங்கிக்கொள்ளலாம். மனைவியிடம் வாங்குகிற திட்டும் மிச்சம். சித்தப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அவ என் கூட வரல. நான்தான் அவ கூட வந்தேன்," என்றார். பிறகு துடைப்பக்கார அம்மாள் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்கவே வெகு நேரமானது. "ஒரு பொண்ணைப் பாத்துக்க அனுப்பினா, அது உங்களைப் பாத்துட்டு வந்திருக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளே அம்மாவுக்குப் போன் போட்டாள். "அக்கா, உன் பொண்ணு விடுதியிலயே இருக்கட்டும். இவரைத்தான் எங்கயாவது சேர்க்கணும்."

அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னாளோ தெரியாது. கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது மட்டும் கடுகுக்குக் கேட்டது.

சாப்பிட உட்காரப் போன சித்தி சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, ஸ்கூட்டர் எங்க?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு சந்துல... எந்தச் சந்துன்னுதான்..."

கடுகு எழுந்து ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போகலாம் சித்தப்பா. நான் காட்டுறேன்."